திங்கட்கிழமை போகாதீர்கள்: ஒரே நாளில் திருவனந்தபுரம்

எங்கள் வீடு களியிக்காவிளையில். வாசலில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் கேரளம். இப்படி ஓர் இடத்தில் வீடு இருந்தால் கோடை விடுமுறைக்கு மதுரையிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கன்னியாகுமரியைப் பார்த்து முடித்த கையோடு, "அப்படியே திருவனந்தபுரத்தையும் ஒரு நாளில் பார்த்துவிடலாமே" என்பார்கள். பார்க்கலாம். ஆனால் போகிற வரிசை தப்பினால் பூட்டின கதவுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

எனக்கே நடந்தது. மைனி (அண்ணி) குடும்பத்தை முதல் தடவை கூட்டிக்கொண்டு போனது ஒரு திங்கட்கிழமை. சாவகாசமாக இட்லி சாப்பிட்டு, பத்தரை மணி பஸ் ஏறி, கிழக்கேகோட்டை போய்ச் சேரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. பத்மநாபசுவாமி கோவில் நடை சாத்தியாச்சு. பக்கத்தில் குதிரமாளிகை என்ற பழைய அரண்மனை, திங்கள் விடுமுறை. சரி, பிள்ளைகளுக்கு மிருகக்காட்சி சாலையையாவது காட்டுவோம் என்று ஆட்டோ பிடித்துப் போனால் அங்கேயும் திங்கள் விடுமுறை. அன்று அவர்கள் உருப்படியாகப் பார்த்தது நல்ல ஒரு மழையைத்தான். மைனி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அதனால் முதல் வேலை, நாளைத் தேர்ந்தெடுப்பது. திங்கள் வேண்டாம். புதன்கிழமை முற்பகலில் நேப்பியர் அருங்காட்சியகம் திறக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் என்றால் அன்றைக்கு ஆற்றுகால் பொங்கல் வருகிறதா என்று பாருங்கள். கண்ணகியே ஆற்றுகால் பகவதியாக அமர்ந்தாள் என்பது அங்குள்ள ஐதீகம். பொங்கலன்று நகரத்தின் தெருவெல்லாம் செங்கல் அடுப்புதான். 2009-ல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவே இருக்கிறது. பொங்கல் வைக்கப் போகிறவர்களுக்கு அது பாக்கியம், ஊர் சுற்றப் போகிறவர்களுக்குச் சிக்கல். ஹர்த்தால் (கடையடைப்பு) அறிவிப்பு உண்டா என்று முந்தின நாள் செய்தியில் பார்த்துக்கொள்வதும் நல்லது.

போய்ச் சேர்வது

களியிக்காவிளையிலிருந்து திருவனந்தபுரத்தின் தம்பானூர் சுமார் 30 கிலோமீட்டர், நாகர்கோவிலிலிருந்து கிட்டத்தட்ட 70. தமிழ்நாட்டு பஸ்ஸும் ஓடும், கேரள பஸ்ஸும் ஓடும். தூரம் குறைவு என்று ஏமாந்துவிடக் கூடாது. நெய்யாற்றின்கரையும் பாலராமபுரமும் நெரிசலுக்குப் பேர் போனவை. ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்தால் தப்பு வராது. நாகர்கோவிலில் தங்கியிருப்பவர்கள் காலை ரயிலைப் பிடிப்பது உத்தமம். ரயில் நிலையமும் கேரள அரசு பஸ் நிலையமும் தம்பானூரில் எதிரெதிரே இருக்கின்றன. டிக்கெட் எடுக்கும்போது 'திருவனந்தபுரம் சென்ட்ரல்' என்று பார்த்து எடுங்கள். நேமத்துக்கு இப்போது 'திருவனந்தபுரம் சவுத்' என்றும், கொச்சுவேளிக்கு 'திருவனந்தபுரம் நார்த்' என்றும் பெயர் மாற்றியிருக்கிறார்கள். வடக்கே இறங்கிவிட்டு கோவில் கோபுரத்தைத் தேடியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு.

காரில் வருகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. களியிக்காவிளைக்குப் பக்கத்தில் காரோடு என்ற இடத்தில் தொடங்கும் புறவழிச்சாலை நெய்யாற்றின்கரைப் பக்கமே போகாமல் கோவளம், திருவல்லம் வழியாக நகரத்தின் ஓரத்தில் கொண்டுபோய் விடும். ஆனால் கோட்டைப் பகுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எதில் போனாலும் காலை ஏழரைக்குள் தம்பானூரில் இருங்கள். அதாவது களியிக்காவிளையில் ஆறு மணி பஸ்.

கேரள அரசு பஸ்ஸில் ஏறுவதற்கு முன் ஒரு விஷயம். 'ஆர்டினரி' எல்லா நிறுத்தத்திலும் நிற்கும், 'ஃபாஸ்ட் பாசஞ்சர்' குறைவாக நிற்கும், 'சூப்பர் ஃபாஸ்ட்' அதைவிடக் குறைவாக நிற்கும், கட்டணமும் அதற்குத் தக்கபடி ஏறும். கண்டக்டர் ஒரு மணி அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு மணி அடித்தால் கிளம்பும். விசில் சத்தத்துக்குப் பழகிய நம் காதுக்கு முதலில் விநோதமாக இருக்கும்.

கோவில்: வேட்டியும் நேரமும்

தம்பானூரிலிருந்து கிழக்கேகோட்டைக்கு ஒரு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். வழியில் பழவங்காடி கணபதி கோவில். இந்திய ராணுவம் நிர்வகிக்கிற கோவில் இது. இங்கே விடலைத் தேங்காய்தான் பிரதானம். காலையிலிருந்து தேங்காய் உடைகிற சத்தம் ஓயாது. கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

பத்மநாபசுவாமி கோவிலில் ஆண்கள் சட்டை, பனியன் இல்லாமல் வேட்டி மட்டும் கட்டித்தான் போக வேண்டும். பேன்ட்டுக்கு மேலே சுற்றிக்கொள்ளும் தந்திரமெல்லாம் வேண்டாம். பெண்களுக்குச் சேலை, பாவாடை தாவணி, கேரள செட்டுமுண்டு எதுவானாலும் சரி. சுடிதார் போட்டு வந்தால் மேலே ஒரு முண்டு கட்டிக்கொள்ளச் சொல்வார்கள். வாசல் பக்கத்துக் கடைகளில் வேட்டி கிடைக்கும், ஆனாலும் வீட்டிலிருந்தே ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். செல்போன் உள்ளே கூடாது. பாதுகாப்பு அறையில் கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும். கூட்டமாகப் போகிறவர்கள் எல்லாப் போன்களையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தால் ஒரு சீட்டோடு வேலை முடியும். எங்கே மறுபடி சந்திப்பது என்பதைப் போனைக் கொடுப்பதற்கு முன்னால் பேசி வையுங்கள். இது சாதாரண விஷயமாகத் தெரியும். போன் இல்லாமல் அத்தானைத் தேடி நாலு வாசலும் சுற்றியவனுக்குத்தான் தெரியும் அருமை.

இங்கே நம் ஊர்க் கோவில்கள் மாதிரி காலை முழுக்க ஒரே மூச்சாகத் தரிசனம் கிடையாது. பூஜைக்குப் பூஜை நடை சாத்துவார்கள், துண்டு துண்டாகத் திறப்பார்கள். நண்பகலோடு சாத்தினால் பிறகு மாலை ஐந்து மணி வாக்கில்தான். அதனால் எட்டரைக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள். இந்துக்கள் மட்டுமே உள்ளே போகலாம் என்பது கோவிலின் விதி. வேற்று மதத்து நண்பர்கள் உடன் வந்திருந்தால் அவர்களை அந்த நேரத்தில் பத்மதீர்த்தக் குளத்தின் கரையிலோ குதிரமாளிகையிலோ இருக்கச் சொல்லலாம்.

உள்ளே ஒற்றைக்கல் மண்டபத்தின் மீது ஏறினால் மூன்று வாசல்கள். 18 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது. முதல் வாசலில் திருமுகமும், வலது கைக்குக் கீழே சிவலிங்கமும். நடு வாசலில் உந்தித் தாமரையில் பிரம்மா. மூன்றாவதில் திருவடி. எண்ணெய் விளக்கு வெளிச்சம் மட்டும்தான். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. தெரியத் தொடங்கும் நேரத்தில் பின்னால் நிற்பவர் தள்ளுவார். எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போனால் கிடைக்கிற சில நொடிகள் வீணாகாது, அதற்காகத்தான் வாசல் வாசலாகச் சொன்னேன். நம்மாழ்வார் பாடிய மலைநாட்டுத் திருப்பதி இது. 2011-ல் நிலவறைகளைத் திறந்தபோது வெளிவந்த நகைகளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அது ஒன்றும் காட்சிக்கு இல்லை.

1750-ல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா தன் நாட்டையே இந்தப் பெருமாளுக்கு எழுதிவைத்துவிட்டு, அவருக்கு அடியவனாக ஆண்டார். அப்போது தலைநகரம் நம் தக்கலை பக்கத்துப் பத்மநாபபுரம். 1795-ல்தான் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எல்லைக்கோடு வந்த பிறகும் பழைய உறவு விடவில்லை. நவராத்திரிக்கு வருஷா வருஷம் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் எங்கள் களியிக்காவிளை வழியாக ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய், விழா முடிந்ததும் திரும்பி வருகிறார்கள். இரண்டு மாநிலத்துப் போலீசும் எல்லையில் நின்று மரியாதை செய்வதைப் பார்க்க நேர்ந்தால் விடாதீர்கள்.

குதிரமாளிகை

கோவிலிலிருந்து வெளியே வந்து சட்டை போட்டுக்கொண்டதும் பக்கத்திலேயே குதிரமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டியது. கூரைக்கு அடியில் மரத்தில் செதுக்கிய 122 குதிரைகள் வரிசையாக நிற்பதால் இந்தப் பெயர். தந்தத்தில் ஒரு சிம்மாசனம், படிகத்தில் ஒன்று. என் அபிப்பிராயத்தில் சிம்மாசனங்களைவிட மரக்கூரையும் தரையின் குளுமையும்தான் இங்கே பார்க்க வேண்டியவை. பரதநாட்டியத்துக்குப் பேர் பெற்ற சகோதரர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இந்த மகாராஜாவின் அவையில் இருந்தவர். தமிழிலும் விளக்கச் சொல்லுங்கள், யாராவது ஒரு வழிகாட்டி முன்வருவார். சுவாதித் திருநாள் 1846-ல் முப்பத்து மூன்றாவது வயதில் இறந்துபோனார். இந்த மாளிகையில் அவர் இருந்தது கொஞ்ச காலம்தான்.

குளத்துக்கு எதிரே உயரத்தில் 'மேத்தன் மணி' என்ற கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது தாடிக்காரர் ஒருவர் வாயைத் திறக்க, இரண்டு ஆட்டுக்கடாக்கள் அவர் கன்னத்தில் வந்து முட்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் பத்து மணிக்கோ பதினொன்றுக்கோ கணக்குப் பண்ணி அங்கே நில்லுங்கள். அருங்காட்சியகம் முழுவதையும் மறந்தாலும் பிள்ளைகள் இதை மறக்கமாட்டார்கள்.

சாலையில் சாப்பாடு

கிழக்கேகோட்டைக்கு எதிரே தொடங்குவது சாலைக் கடைவீதி. 'சாலை' என்பது இங்கே ஊர்ப்பெயர். "சாலை எங்கே?" என்று கேட்டால் கடைவீதியைத்தான் காட்டுவார்கள். இதை உண்டாக்கிய திவான் ராஜா கேசவதாஸ், விளவங்கோடு தாலுகாவில் பிறந்த நம் ஊர்க்காரர். கடைகளில் பாதிக்குப் பாதி தமிழ் கேட்கும். தோவாளைப் பூவும் தமிழ்நாட்டுக் காய்கறியும் வந்து இறங்குகிற இடம். இன்னும் உள்ளே போனால் வலியசாலை, பழைய அக்கிரகாரம். ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. வரலாற்றுப் பைத்தியம் உள்ளவர்கள் ஓர் எட்டு போய்வரலாம், மற்றவர்கள் அங்கே கட்டிப்போடும் காட்சியை எதிர்பார்க்க வேண்டாம்.

சாப்பாட்டுக்கு 'ஊணு' என்று கேளுங்கள். சிவப்பாகப் பெருத்த சோறு வரும். ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே 'பச்சரி' என்று சொல்லிவிட வேண்டும். குடிக்க இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைப்பார்கள். பயப்பட வேண்டாம், பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்தது. மைனி அதைப் பாத்திரம் கழுவின தண்ணீர் என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த ஊருக்கே உரிய ஒரு சேர்க்கை, போளியும் பாயசமும். இலையில் போளியைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் பாலடைப் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட வேண்டும். போளியைத் தனியாகத் தின்றே பழகிய நமக்குக் கை தயங்கும். தயங்காதீர்கள். அசைவக்காரர்களுக்கு மரச்சீனிக்கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் இருக்கிறது. மெனுவில் 'கப்ப' என்று இருந்தால் அது நம் மரச்சீனிதான்.

சாயங்காலம் காபிக்கு நேரம் கிடைத்தால் தம்பானூர் பஸ் நிலையத்தை ஒட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குப் போங்கள். கட்டிடக்கலைஞர் லாரி பேக்கர் கட்டிய சுருள் கட்டிடம். மேசைகள் சரிவில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும், தலையில் விசிறித் தலைப்பாகையோடு பரிமாறுகிறவர்களும் தட்டைச் சாய்க்காமல் ஏறி இறங்குவார்கள். அங்கே மசால் தோசைக்குள் பீட்ரூட் சிவப்பாக எட்டிப் பார்க்கும்.

பேச்சுக்கு ஒரு குறிப்பு. திருவனந்தபுரத்தில் தமிழிலேயே பேசலாம், நிதானமாகப் பேசினால் போதும். 'வெள்ளம்' என்றால் குடிதண்ணீர், 'மதி' என்றால் போதும், 'எத்ர' என்றால் எவ்வளவு. 'சம்சாரம்' என்றால் பேச்சு. "சம்சாரிக்கணும்" என்று ஒருவர் வந்தால் முறைக்க வேண்டாம், உங்களோடு பேச வேண்டும் என்கிறார். அண்ணா என்று கூப்பிட்டால் அங்கேயும் செல்லும்.

மத்தியானம்: அருங்காட்சியகமா, மிருகங்களா?

கிழக்கேகோட்டையிலிருந்து பாளையம் வழியாக மியூசியம் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். அந்தப் பயணமே ஒரு காட்சிதான். தலைமைச் செயலகத்தின் வெள்ளைத் தூண்கள், அதற்கு எதிரே நிற்கும் திவான் மாதவராவ் சிலை (கும்பகோணத்தில் பிறந்தவர், 'ஸ்டாச்சு' என்ற நிறுத்தத்துக்குப் பெயர் வந்ததே இவரால்தான்), பாளையத்தில் அருகருகே பள்ளிவாசலும் தேவாலயமும் கணபதி கோவிலும். செயலகத்துக்கு முன்னால் ஏதாவது போராட்டம் நடந்துகொண்டிருந்தால் பஸ் ஊரும். அதற்காக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேப்பியர் அருங்காட்சியகம் 1880-ல் கட்டி முடித்தது. வரைந்தவர் ராபர்ட் சிஷோம், சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸைக் கட்டியவர். இரண்டையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கைநேர்த்தி தெரியும். ஆனால் இங்கே அவர் கேரளத்து ஓட்டுக்கூரையைத் தன் பாணியோடு கலந்திருக்கிறார். உள்ளே இருக்கும் வெண்கலச் சிலைகளும் தந்த வேலைப்பாடுகளும் நன்றாகவே இருக்கின்றன. வளாகத்தில் ரவிவர்மாவின் ஓவியங்களைத் தனியாகப் பார்க்கலாம். காலண்டரில் பார்த்த முகங்களின் அசலைப் பார்ப்பதற்காகவே நான் மறுபடி மறுபடி போவேன். மிருகக்காட்சி சாலை 1857-லிருந்து இருக்கிறது, நாட்டின் பழைய மிருகக்காட்சி சாலைகளில் ஒன்று, மரங்கள் அடர்ந்த மேட்டு நிலம். ஓவியம், மிருகம், அருங்காட்சியகம் மூன்றையும் ஒரே மத்தியானத்தில் பார்க்க ஆசைப்பட்டால் கால் கடுக்கும், கடலுக்கும் நேரம் போய்விடும். பிள்ளைகள் இருந்தால் மிருகங்கள், இல்லையென்றால் ரவிவர்மா. நாலு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும்.

கடல்

கோவளமா, சங்குமுகமா? இதற்கு என் பதில், நீங்கள் எதில் வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. காரில் வந்தவர்களுக்குக் கோவளம், ஏனென்றால் புறவழிச்சாலையில் வீடு திரும்பும் வழியிலேயே இருக்கிறது. பஸ்ஸில் வந்தவர்களுக்குச் சங்குமுகம், ஏனென்றால் நகரத்தை ஒட்டியே இருக்கிறது.

கோவளம் சுமார் 16 கிலோமீட்டர், பஸ் கிழக்கேகோட்டையிலிருந்து. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கோவளம், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கோவளம் இருப்பதால் வரைபடத்தில் தேடும்போது மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். கலங்கரை விளக்கம் நிற்கிற கடற்கரைதான் அழகு, கூட்டமும் அங்கேதான். சிவப்புக் கொடி கட்டியிருந்தால் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடல் முரட்டுத்தனமாக இருக்கும், உயிர்காப்பாளர் ஊதும் விசிலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னும் கொஞ்சம் தெற்கே விழிஞம். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் 2025 மே மாதம் திறந்த பெரிய துறைமுகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கோ அங்கே ஒரு பாறையில் குடைந்த 8-ஆம் நூற்றாண்டுச் சிறு கோவில். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி, வெளியே இருபுறமும் முடிக்காமல் விட்ட சிவனும் பார்வதியும். ஆய் வேளிரின் துறைமுகமாக இருந்து, பாண்டியர் படையெடுத்து வந்து அழித்த ஊர். பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சங்குமுகத்தில் மணல் முன்போல இல்லை. கடல் அரித்துக்கொண்டே வந்து ரோட்டையும் கொஞ்சம் விழுங்கிவிட்டது. குளிக்கிற இடம் அல்ல, உட்காருகிற இடம். கானாயி குஞ்ஞிராமன் செய்த பிரம்மாண்டமான ஜலகன்னிகை ஒருக்களித்துப் படுத்திருப்பாள். பின்னால் விமான நிலையம். வருஷத்தில் இரண்டு முறை, பங்குனி உற்சவத்துக்கும் ஐப்பசி உற்சவத்துக்கும், பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காக, அதாவது நீராடுவதற்காக, இந்தக் கடலுக்கு வருகிறார். பழைய வழி விமான ஓடுபாதைக்குக் குறுக்கே போவதால், அவர் போய்த் திரும்பும் வரை விமானங்களை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த நாளில் ஊருக்குப் பறந்து போகிறவர்கள் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

சூரியன் விழுவது ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில், மாதத்தைப் பொறுத்து. குடை எடுத்துப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை வந்துவிடும்.

திரும்புவது

ஆட்டோவில் ஏறியதும் மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள், இந்த ஊரில் மீட்டர் போட்டு ஓட்டுவது வழக்கம்தான். எட்டு மணிக்குள் தம்பானூர் வந்துவிட்டால் நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். அதற்கு மேல் அலுவலகக் கூட்டம் குறைந்தாலும் பஸ்ஸும் குறைய ஆரம்பிக்கும். போர்டு மலையாளத்தில் இருக்கும். நெய்யாற்றின்கரையோடு நிற்கிற பஸ்கள் அடிக்கடி வரும், அவற்றில் அவசரப்பட்டு ஏறிவிட்டு நடுவழியில் மாறுவதைவிட, கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

போன ஆவணியில் மைனி மறுபடி வந்தார். இந்தத் தடவை வியாழக்கிழமை, ஆறு மணி பஸ். மூன்று வாசல் தரிசனம், குதிரைகள், போளி, ரவிவர்மா, சங்குமுகம் எல்லாம் ஆயிற்று. இரவு தம்பானூரில், நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய தைரியத்தில் கண்டக்டரிடம் போய், "சேட்டா, களியிக்காவிள போகுமோ?" என்று அழுத்தந்திருத்தமாக மலையாளத்தில் கேட்டார். அவர் சீட்டைக் கிழித்துக்கொண்டே, "போகும்மா, பின்னால சீட்டு காலியா இருக்கு, ஏறுங்க" என்றார்.